மலை எரிகிறது, அணைக்கப் போகிறவன் தினக்கூலி!

திருவண்ணாமலையில் நெருப்பு என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கார்த்திகை தீபம்தான் நினைவுக்கு வரும். 2,668 அடி உயர மலையின் உச்சியில் கொப்பரை வைத்து, நெய் வார்த்து, துணியைத் திரியாக்கி, பருவதராஜ குலத்தார் தீபம் ஏற்றுகிறார்கள். லட்சக்கணக்கான ஜனங்கள் கீழே நின்று பார்க்கிறார்கள். அந்தத் தீயைப் பற்றி எழுதப் பத்திரிகைகளுக்குப் பஞ்சமில்லை.

நாம் எழுத வந்தது அதே மலையில் கோடையில் பிடிக்கும் தீயைப் பற்றி. மாசி பிறந்தால் சரிவெல்லாம் மஞ்சம்புல் காய்ந்து நிற்கும். பங்குனி, சித்திரையில் அதற்கு ஒரு பொறி போதும். கிரிவலப் பாதையில் நடப்பவர்கள் இரவில் அண்ணாந்து பார்த்தால், சிவப்புக் கோடு ஒன்று நெளிந்து நெளிந்து மலை ஏறுவது தெரியும். மறுநாள் பத்திரிகையில் நாலு வரி வரும்: "பல மணி நேரம் போராடித் தீ அணைக்கப்பட்டது." போராடியது யார் என்பது அந்த நாலு வரியில் இருக்காது.

நாம் சொல்கிறோம். வன இலாகாவின் கடைநிலைக் காவலர்கள். தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். கோடைக்கு மட்டும் எடுத்து, மழை வந்ததும் வீட்டுக்கு அனுப்பப்படும் தீக்காவலர்கள். மலையில் மரம் நட்டு வளர்க்கும் தொண்டு அமைப்புகளின் ஆட்கள். கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் அடிவாரத்து ஜனங்கள். கையில் பச்சைத் தழை, ஓர் அரிவாள், ஒரு தண்ணீர்ப் பாட்டில். காலில் பல நேரம் ரப்பர் செருப்பு. இந்தப் படைதான் மலையைக் காக்கிறது.

இடியா, மனிதனா?

மலை எரிந்ததும் "எவன் வைத்தான்?" என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இந்தியக் காடுகளில் பிடிக்கும் தீயில் மிகப் பெரும்பகுதி மனிதர் கையால் வருவது என்று டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் சொல்லி வருகிறது. அணைக்காத பீடித்துண்டு, பாறையில் ஏற்றிவிட்டுப் போன சூடம், சோறாக்கிய அடுப்பு, புதுப்புல் முளைக்கட்டும் என்று வைத்த நெருப்பு, இப்படிப் பல. இடி விழுந்து பிடிக்கும் தீ நம் பக்கம் குறைவு. காரணம், நம் கோடை இடியோடு பெரும்பாலும் மழையும் சேர்ந்தே இறங்கிவிடுகிறது.

ஆனால் மேகம் பொழிந்த மழை தரையைத் தொடுமுன் சூட்டிலேயே வற்றிப்போய், இடி மட்டும் விழுந்தால்? அதுதான் வறட்டு இடி. பட்ட மரத்தில் விழுந்த நெருப்பு அதன் வயிற்றுக்குள்ளேயே நாள்கணக்கில் கனன்று கிடக்கும். காற்று எழும்பும் நாளில் அதுவும் எழும்பும். 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சில நாட்களில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட இடிகள் விழுந்தன. அவற்றில் பிடித்த தீக்கள் ஒன்றோடொன்று கூடி, ஒரே தொகுதி மட்டும் பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் தின்றது. 2023-இல் கனடாவில் சுமார் ஒன்றரைக் கோடி ஹெக்டேர் எரிந்தது. அதில் பெரும்பகுதியை எரித்தது இடியில் பிடித்த தீ. லாபத்துக்காக நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து எரித்து உலகைச் சூடாக்கியதன் பலன், ஆளே இல்லாத காட்டிலும் வந்து விடிகிறது.

இடி என்றால் என்ன என்று விவசாயத் தொழிலாளிக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. இந்தியாவில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் இடி விழுந்து சாகிறார்கள். பெரும்பாலோர் வெட்டவெளி வயலில் வேலை செய்தவர்கள், ஆடு மாடு மேய்த்தவர்கள். இடி பாரபட்சம் பார்த்து விழுவதில்லை. ஆனால் மாடிவீட்டுக்காரன் உள்ளே இருக்கிறான், கூலிக்காரி வயலில் நிற்கிறாள். காட்டுத்தீயின் கணக்கும் இதுவேதான்.

மலைத்தீயின் குணம்

வைக்கோற்போர் பற்றினால் கிணற்றிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து கொட்டுகிறோம். மில்லில் பஞ்சு பற்றினால் குழாயைத் திறக்கிறோம். மலையில் தண்ணீர் எங்கே? தீயணைப்பு வண்டி, தார்ச்சாலை முடியும் இடத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் கால்தான் வண்டி.

சமதரைத் தீயைவிட மலைத்தீ வேகமானது. சுடர் மேலே சாய்ந்து, எரியாத புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது. சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது அனுபவக் கணக்கு. ஓடுகிற மனிதனின் வேகமோ ஏற ஏறக் குறையும். இரு பாறைகளுக்கு நடுவிலுள்ள ஒடுங்கிய பள்ளம் புகைபோக்கி போலத் தீயை இழுக்கும். எரியும் கட்டை உருண்டு, அணைப்பவனுக்குக் கீழே இன்னொரு தீயை மூட்டும். பகலில் மேலேறிய காற்று இரவில் கீழிறங்கும். இடிமேகம் வந்தால் காற்று சொல்லாமல் கொள்ளாமல் திரும்பும்.

ஆகவே மலைத்தீயை அணைப்பது என்றால், அதற்குத் தீனி கிடைக்காமல் செய்வது. தை மாதத்திலேயே புல்லையும் சருகையும் வெட்டிக் கூட்டி, மண் தெரியும்படி தீத்தடுப்புக் கோடு போட வேண்டும். தீ வந்த பிறகு பாறை, ஓடை, ஒற்றையடிப் பாதை எது வசதியோ அதைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து எதிர்த்தீ வைத்துப் பெருந்தீயைப் பட்டினி போட வேண்டும். இந்த வேலைக்கு நாலு விதிகள் உண்டு. தூரத்தில் நின்று தீயைப் பார்க்க ஓர் ஆள். அவன் கண்டதை உடனே சொல்ல ஒரு கருவி. ஓடித் தப்ப ஒரு வழி. போய்ச் சேரப் பத்திரமான ஓர் இடம். நாலில் ஒன்று இல்லாவிட்டாலும் ஆளை உள்ளே அனுப்பக்கூடாது. இந்த விதிகள் ஒவ்வொன்றும் பிணங்களை எண்ணிய பிறகு எழுதப்பட்டவை.

உத்தரவு போட்டவர் ஒருவர், வெந்தவர் வேறொருவர்

1935-இல் அமெரிக்க வன இலாகா ஓர் உத்தரவு போட்டது. எந்த மூலையில் எந்தத் தீ பிடித்தாலும், மறுநாள் காலை 10 மணிக்குள் அது அடங்கியாக வேண்டும்! நாற்காலியில் உட்கார்ந்து போடும்போது எல்லா உத்தரவும் சுலபம்தான். 1949 ஆகஸ்ட் 5-ஆம் தேதி மோன்டானாவில் மான் கல்ச் என்ற செங்குத்துப் பள்ளத்தாக்கில் இடியால் பிடித்த தீயை அணைக்க விமானத்திலிருந்து ஆட்களைக் குதிக்கவிட்டார்கள். தீ திரும்பிச் சரிவில் துரத்தியது. 13 பேர் இறந்தார்கள். 1978-இல் அந்தப் பத்து மணிக் கொள்கையைக் கைவிட்டார்கள். ஊரும் உயிரும் இல்லாத தூரத்துக் காட்டில் இடி வைத்த தீயை, ஆளைப் பலிகொடுத்து அணைப்பதைவிட, கண்காணித்து, ஆற்றங்கரைக்கோ பாறை முகட்டுக்கோ ஒதுக்கி, தானே அடங்கவிடலாம் என்ற பாடத்தைத் தாமதமாகக் கற்றார்கள்.

கற்றது போதவில்லை. 2013 ஜூன் 28-ஆம் தேதி அரிசோனாவில் யார்னெல் என்ற சிற்றூருக்கு மேலே, பாறைகள் குவிந்த மலைமுகட்டில் இடி விழுந்தது. முதலில் அது சின்னத் தீ. மூன்றாம் நாள், ஜூன் 30 மாலை, இடிமேகத்தின் காற்று தீயைத் திருப்பிவிட்டது. எரிந்து தணிந்த பத்திரமான இடத்தை விட்டு இறங்கி, மூன்று பக்கமும் அடைத்த பள்ளத்துக்குள் வந்த 19 தொழிலாளர்கள் கருகினார்கள். அந்த 19 பேரில் 13 பேர் பருவத் தொழிலாளர்கள். செத்த பிறகும் நிரந்தரமா, தற்காலிகமா என்ற கேள்வி அவர்களை விடவில்லை. நிரந்தரமானவர்களின் குடும்பங்களுக்குக் கிடைத்த பலன்கள் இவர்களின் மனைவி மக்களுக்கு மறுக்கப்பட்டன. ஒரே தீ, ஒரே சாவு, இரண்டு விலை!

அந்த ஆண்டு டிசம்பரில் அம்மாநிலத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை, மாநில வன இலாகாமீது 5,59,000 டாலர் அபராதம் விதிக்கச் சொன்னது. காரணம் என்ன தெரியுமா? காப்பாற்ற முடியாத கட்டடங்களையும் மேய்ச்சல் நிலத்தையும் ஆட்களின் உயிரைவிட மேலாக வைத்தார்கள் என்பதுதான். சொத்து முதலில், உழைப்பாளி பிறகு. முதலாளித்துவத்தின் இந்த முதல் விதியை நாம் சொன்னால் பிரச்சாரம் என்பார்கள். இதைச் சொன்னது அமெரிக்கச் சர்க்காரின் ஓர் இலாகாவே!

கலிபோர்னியாவில் சிறைக் கைதிகளைக் காட்டுத்தீக்கு அனுப்புகிறார்கள். 2020 தீயின்போது அவர்களுக்குத் தீ அணைக்கும் நேரத்துக்குக் கிடைத்த உபரிக் கூலி மணிக்கு ஒரு டாலர். தொற்றுநோய்க் காலத்தில் கைதிகள் பலரை விடுதலை செய்ததால் ஆள் போதவில்லை என்று அதிகாரிகள் கை பிசைந்தார்கள்.

சோவியத் நாட்டில் 1931 முதல் விமானத்தில் சுற்றிக் காட்டைக் காவல் காத்தார்கள். 1936 முதல் பாராசூட்டில் ஆட்களை இறக்கினார்கள். தூரத்துக் காட்டில் விழும் இடியைத் தீ சிறிதாக இருக்கும்போதே பிடிக்க அது உதவியது. சோவியத் அமைப்பு சிதைந்த பின், 2007-இல் அமலுக்கு வந்த ரஷ்யாவின் புதிய வனச் சட்டம் மத்தியக் காவல் அமைப்பைக் கலைத்தது. ஆயிரக்கணக்கான காவலர் வேலைகள் ஒழிந்தன. 2010 கோடையில் மாஸ்கோ நகரமே புகையில் மூழ்கியது. காவலாளி செலவு என்று கணக்குப் பார்த்தவர்கள் கண்ட லாபம் இது.

நம் மண்ணில்

அமெரிக்காவைச் சொல்லிவிட்டு நம் வீட்டை மறைக்க முடியுமா? 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி ஜில்லா குரங்கணி மலையில் தீ சூழ்ந்து, மலையேற வந்த இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஹெலிகாப்டர் வருமுன்னரே ஓடிப் போய்த் தூக்கியவர்கள் உள்ளூர் ஜனங்கள். 2020 பிப்ரவரி 16-ஆம் தேதி கேரளத்தில் திருச்சூர் ஜில்லா கொற்றம்பத்தூரில் தீ அணைக்கப் போன மூன்று வனக் காவலாட்கள் தீயில் சிக்கி மாண்டார்கள். 2024 ஜூன் 13-ஆம் தேதி உத்தராகண்டில் பின்சர் சரணாலயத்துக்கு வண்டியில் அனுப்பப்பட்ட எட்டுப் பேரில் நால்வர் அன்றே கருகினார்கள். அந்த நால்வரில் ஒருவர் தினக்கூலி, ஒருவர் பருவத் தீக்காவலர்.

செயற்கைக்கோள் இல்லையா? இருக்கிறது. 2004 முதல் வன அளவை நிறுவனம் வானத்திலிருந்து தீயைக் கண்டு செய்தி அனுப்புகிறது. இப்போது அது கைபேசிக்கே வருகிறது. விஞ்ஞானம் நல்லதுதான், நாம் அதை வரவேற்கிறோம். ஆனால் செய்தி வந்த கைபேசி யார் கையில் இருக்கிறது? அவருக்குக் கீழே மலை ஏற எத்தனை ஆள்? அவர்களுக்குத் தோல் பூட்ஸ் உண்டா, தீ தாங்கும் சட்டை உண்டா, பேசும் கருவி உண்டா? வானத்திலிருந்து தீயைப் பார்க்கும் நாடு, தரையில் நிற்பவனின் காலைப் பார்க்க வேண்டாமா?

காடு யாருடையது?

காட்டுத்தீயை முதலில் காண்பது காட்டோரத்து ஜனங்கள். ஓடிவந்து அணைக்கக் கூடியவர்களும் அவர்களே. அவர்களைத்தான் வெள்ளைக்காரன் 1882-ஆம் ஆண்டு மதராஸ் வனச் சட்டத்தால் காட்டுக்கு வெளியே நிறுத்தினான். மேய்த்தால் குற்றம், விறகு பொறுக்கினால் குற்றம். வட இந்தியாவில் குமாவுன் மலையில் இதன் விளைவு 1921-இல் வெளிப்பட்டது. தங்கள் காட்டைப் பறிகொடுத்த ஜனங்கள் சர்க்கார் காடுகளை எரியவிட்டார்கள்; பல இடங்களில் தாங்களே கொளுத்தினார்கள். பிறகுதான் ஆட்சி இறங்கிவந்தது. 1931-இல் வனப் பஞ்சாயத்துகளுக்கு விதிகள் வந்தன. காடு தன்னுடையது என்று அறிந்தவன்தான் தீயைக் கண்டு ஓடிவருவான்.

சுதந்திரத்துக்குப் பிறகு கண்ணோட்டம் மாறியதா? 1992 ஜூன் 20-ஆம் தேதி தருமபுரி ஜில்லா வாச்சாத்தியில் சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனம், போலீஸ், வருவாய் ஆகிய மூன்று இலாகாக்களும் ஒரு மலைவாழ் மக்கள் கிராமத்தையே சூறையாடின. 18 பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டார்கள். செங்கொடி இயக்கமும் மலைவாழ் மக்கள் சங்கமும் விடாமல் போராடியதால் 2011 செப்டம்பரில் தண்டனை கிடைத்தது. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மலைவாசியைத் திருடன் என்று பார்க்கும் இலாகா, தீ பிடித்த ராத்திரி மட்டும் அவனைத் தோழன் என்று கூப்பிட்டால் போதுமா?

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சமூகக் காட்டைக் காக்கவும் பராமரிக்கவும் கிராம சபைக்கு உரிமை தருகிறது. இடதுசாரிகள் வற்புறுத்திப் பெற்ற சட்டம் அது. நம் ஜில்லாவில் ஜவ்வாது மலை இருக்கிறது. அங்கு மலையாளிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். எந்தச் சரிவில் காற்று எப்போது திரும்பும், எந்த ஓடையில் சித்திரையிலும் ஈரம் இருக்கும் என்பதைச் செயற்கைக்கோளுக்கு அவர்கள் சொல்லித்தர முடியும். அவர்களுக்குச் சமூகக் காட்டுரிமை முழுமையாகக் கிடைத்தால், காட்டுக்குத் தூங்காத காவல் கிடைக்கும்.

திருவண்ணாமலை மலைப்புல்லுக்கும் இது பொருந்தும். கூரை வேய மஞ்சம்புல் அறுத்துத் தலைச்சுமையாக இறக்கியவர்கள் கூலிப் பெண்கள். கூரை வீடுகள் குறையக் குறைய அந்த அறுவடையும் குறைந்தது. அறுக்காத புல் மலையிலேயே காய்கிறது. கோடைக்கு முன்னே கூலி கொடுத்துப் புல்லை அறுத்து இறக்கினால் வீட்டுக்கு அடுப்பு எரியும், மலை எரியாது.

புல்லும் வேரும் போன சரிவு மழையில் நிற்காது என்பதையும் நினைவில் வைப்போம். 2024 டிசம்பர் 1-ஆம் தேதி பெஞ்சல் புயல் மழையில் இதே மலையிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து அடிவாரத்து வீட்டில் ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் புதைந்தார்கள். அந்தச் சரிவுக்குக் காட்டுத்தீ காரணம் என்று நாம் சொல்லவில்லை. கொட்டித் தீர்த்த மழையின் வேலை அது. ஆனால் மலைக்கு வரும் ஆபத்து அடிவாரத்து ஏழையின் ஓட்டு வீட்டில்தான் முதலில் வந்து விழும் என்பதை அது காட்டிவிட்டது.

மில்லில் வாங்கிய உரிமை மலைக்கு ஏன் இல்லை?

மில் தொழிலாளித் தோழர்களுக்கு இது புரியும். ஒரு காலத்தில் பெல்ட்டில் கை சிக்கினால் "அவன் விதி" என்றார்கள். தொழிலாளி வர்க்கம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. 1923-இல் நஷ்டஈட்டுச் சட்டமும், 1948-இல் பாக்டரிச் சட்டமும் வந்தன. மிஷினுக்கு மூடி, பஞ்சறையில் தீயணைப்புச் சாதனம், வெளியேற இரண்டாவது வாசல் என்று ஒவ்வொன்றையும் கேட்டு வாங்கினோம். இரண்டாவது வாசல் என்பது என்ன? மலைத்தீயின் நாலு விதிகளில் மூன்றாவது விதி. மில்லுக்குச் சட்டம் இருக்கிறது. மலையில் "வீரன்" என்ற பட்டமும் ஒரு மாலையும் இருக்கின்றன. செத்தவனை வீரன் என்று புகழ்வது, உயிரோடு இருந்தபோது பூட்ஸ் வாங்கித் தராததற்கு ஈடாகாது.

"எல்லாத் தீயையும் உடனே அணை" என்ற உத்தரவும் வேண்டாம். "தூரத்துக் காடுதானே, எரியட்டும்" என்ற அலட்சியமும் வேண்டாம். ஊருக்கு மேலே தொங்கும் சரிவையும், நட்ட கன்றுகள் வளரும் இடத்தையும் முதல் நாழிகையிலேயே காக்க வேண்டும். ஆள் போக முடியாத பாறைக்காட்டில் பொறுத்திருந்து, தீயை வளைத்து, நல்ல இடத்தில் நிறுத்த வேண்டும். எங்கே எது என்று முடிவு செய்யும் மேசையில் மலையை நடந்து அறிந்த காவலாளியும் கிராமத்தானும் உட்கார வேண்டும். "இந்தப் பள்ளத்துக்குள் இறங்க மாட்டேன்" என்று சொல்லும் உரிமை அவனுக்கு வேண்டும். அப்படிச் சொன்னதற்காக மறுநாள் வேலை போகக்கூடாது. தினக்கூலிக்கு அந்த வாய் எப்படித் திறக்கும்? ஆகவேதான் நிரந்தர வேலை என்பது கூலிக் கோரிக்கையோடு உயிர்க் கோரிக்கையும் ஆகிறது.

நாம் கேட்பது

தீக்காவலர்களையும் வேட்டைத் தடுப்புக் காவலர்களையும் நிரந்தரமாக்கு! கோடை முடிந்ததும் துரத்தாதே; மழைக்காலத்தில் கன்று நடவும், தையில் தீத்தடுப்புக் கோடு போடவும் அவர்களே வேண்டும்.

பூட்ஸ், தீ தாங்கும் உடை, முகமூடி, பேசும் கருவி, குடிநீர், பயிற்சி இல்லாமல் ஒருவரையும் மலைக்கு அனுப்பாதே!

தீயில் இறந்தவர், ஊனமுற்றவர் யாராயினும், நிரந்தரம், தற்காலிகம், கிராமத்து உதவியாள் என்ற பேதமின்றி ஒரே நஷ்டஈடு கொடு!

வன உரிமைச் சட்டத்தின்படி சமூகக் காட்டுரிமையை வழங்கு! கோடைக்கு முன் புல் அறுக்கும் வேலையை அடிவாரத்துப் பெண்களுக்கு உரிய கூலியோடு கொடு!

இவை மலைக்காரர் கோரிக்கை மட்டும் அல்ல. சரிவு பசுமையாக இருந்தால்தான் ஓடையில் நீர் நிற்கும். ஓடையில் நீர் நின்றால்தான் ஏரி நிறையும். ஏரி நிறைந்தால்தான் விவசாயத் தொழிலாளிக்கு நடவு வேலை. மில் தொழிலாளியின் சங்கமும் விவசாயத் தொழிலாளியின் சங்கமும் தங்கள் மாநாட்டுத் தீர்மானங்களில் தீக்காவலனுக்கும் ஒரு வரி சேர்க்கட்டும். அவனுக்குச் சங்கம் இல்லாத ஊரில் நம் சங்கத்தின் கதவைத் திறந்து வைப்போம்.

இடி விழும் இடத்தை எந்த மந்திரியும் தீர்மானிக்க முடியாது. அதை அணைக்கப் போகிறவன் உயிரோடு திரும்புவானா என்பதைத் தீர்மானிக்க முடியும். அடுத்த மாசி பிறக்குமுன் அதைத் தீர்மானிக்க வைப்போம்!